வள்ளி மதினி கேட்ட கறுப்புக் குழம்பு

அண்ணன் மனைவி வள்ளி மதினியின் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. கஞ்சி கொடுத்தால் கஞ்சி வெளியே வந்தது. மோர் கொடுத்தால் மோர் வந்தது. ஒன்றும் கொடுக்காமல் விட்டால் மஞ்சள் தண்ணீராக வந்தது. நாலு மாதம் முடிந்தும் மசக்கை விடவில்லை. இன்னும் எடை குறைந்தால் மதுரைக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்து ஊசி வழியாகத்தான் உயிரைப் பிடிக்க வேண்டியிருக்கும் என்று ராமநாதபுரத்து டாக்டரம்மா சொல்லியிருந்தார். சண்முகவள்ளி என்ற அந்த முழுப்பெயரைத் தாங்குகிற உடம்பாகவே அவள் அப்போது இல்லை. கழுத்தெலும்புக்குள் தாலிக்கயிறு புதைந்து கிடந்தது.

போன வருஷமும் இதே மிளகாய்க் காலத்தில்தான் அவளுக்கு மூன்றாம் மாதக் கரு கலைந்தது. அதற்கு முந்தின நாள் அவள் களத்தில் உட்கார்ந்து, புது மிளகாய்ப் பழத்தைத் தணலில் சுட்டு, உப்போடு நசுக்கி, பழைய கஞ்சிக்குக் கடித்துக்கொண்டாள். என் அம்மா பிச்சையம்மாள் அதைப் பார்த்திருந்தாள். ஆஸ்பத்திரியில் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னதை அம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்; நம்பவில்லை. மிளகாய்ச் சூடுதான் பிள்ளையைக் கரைத்தது என்பது அவள் முடிவு. மதினியும் மறுத்துப் பேசவில்லை. இந்தத் தடவை முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றே அவளுக்கென்று தனிச்சமையல் தொடங்கியது. அதில் ஒரு மிளகாய்கூட விழுந்ததில்லை.

நாங்களோ மிளகாய்க்காரர்கள். மாசி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் மண் தெரியாது. வீட்டு முற்றம், களம், கண்மாய்க் கரை, தார்ச்சாலையின் ஒரு பாதி என்று எங்கும் குண்டு மிளகாய் காயும். வெயில் ஏற ஏற அதன் நெடி எழும்பி, பஸ்ஸில் போகிறவர்கள் எங்கள் ஊரைத் தும்மிக்கொண்டே கடப்பார்கள். அந்தச் சிவப்புக்கு நடுவே, ஒரு அறையில், உப்பு மட்டும் போட்ட கஞ்சியை வைத்துக்கொண்டு மதினி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

அவளுக்குத் துணையாக இருப்பது என் வேலை. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். ராமநாதபுரம் நூலகத்திலிருந்து மொழிபெயர்ப்பு நாவல்களாக எடுத்துவந்து வாசித்துக்கொண்டிருந்தேன். பனி பெய்யும் ஊர்கள், ரயில் நிலையத்தில் பிரிகிறவர்கள், நான் ஒருபோதும் பார்க்கப்போகாத ஆறுகள். மதினிக்குப் படிப்பில் நாட்டம் கிடையாது. ஆனால் வாசித்துச் சொன்னால் கண்ணை மூடிக் கேட்பாள். கேட்கிற நேரத்தில் குமட்டல் கொஞ்சம் அடங்கியது. அதனால் நான் விடாமல் வாசித்தேன்.

அந்த வாரம் கிடைத்தது ஒரு மெக்சிகோ நாவல். அட்டை கிழிந்த பழைய புத்தகம். மழை இல்லாத ஒரு ஊரில் கிணறு வெட்டுகிற ஒருவனுடைய மகளுக்குக் கல்யாணம். அதற்கு முந்தின நாள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் கூடிச் சமைக்கிறார்கள். நான் வாசித்தேன்:

“வேலமுள் விறகு எரிந்தது. பெண்கள் காய்ந்த மிளகாயின் விதையை உதறிவிட்டு, தோலை மட்டும் சட்டியில் போட்டுக் கறுக்க வாட்டினார்கள். எள்ளையும் கடலையையும் வறுத்தார்கள். தக்காளியை நெருப்பிலேயே புதைத்தார்கள். எல்லாவற்றையும் கல்லில் அரைத்து, கோகோவைக் கரைத்து ஊற்றியபோது குழம்பு இரவைப் போலக் கறுத்தது. சோள ரொட்டியைப் பிய்த்து அதில் தோய்த்த கிழவன், இறந்துபோன தன் மனைவியின் பெயரைச் சொல்லி அழுதான்.”

அத்தியாயம் முடிந்து நிமிர்ந்தேன். மதினி எழுந்து உட்கார்ந்திருந்தாள். பல நாளாக அவள் யாரும் தூக்கிவிடாமல் எழுந்ததில்லை.

“முத்தழகு, அதை இன்னொரு தடவ வாசி.”

“எதை மதினி? கிழவன் அழுகிறதையா?”

“அவன் கெடக்கிறான். கொழம்பை வாசி.”

வாசித்தேன். அவள் எச்சில் விழுங்குவது கழுத்தில் தெரிந்தது.

“எனக்கு அது வேணும்,” என்றாள்.

நிலைப்படியில் ஏதோ விழுந்தது. கஞ்சிச் செம்போடு வந்த அம்மா அதைக் கீழே போட்டுவிட்டு நின்றாள்.

மாசமாக இருக்கிறவள் வாய்விட்டு ஒன்றைக் கேட்டு, அது கிடைக்காமல் போனால், பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள் எங்கள் பக்கம். தெருவில் எந்தப் பையனுக்காவது காது வடிந்தால் யாரும் மருந்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். “இவன் ஆத்தா என்னத்தைக் கேட்டாளாம்?” என்றுதான் கேட்பார்கள். “பாம்பன் நண்டு கேட்டாளாம். அவன் அப்பன் பனங்கெழங்கு வாங்கிட்டு வந்தானாம்” என்று யாராவது சொல்வார்கள்; அந்த அப்பன் சாகிற வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டே இருப்பான்.

அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“ஏன்டி, ஒனக்கு வாசிக்க வேற கதையே கெடைக்கலையா? ராசா ராணின்னு எதையாச்சும் வாசிச்சிருந்தா அவ பாட்டுக்குத் தூங்கிருப்பா. இல்லாத ஊர்ச் சோத்தை வாய்விட்டுக் கேட்டுட்டாளே!”

“இல்லாத ஊரு இல்லம்மா. மெக்சிகோ.”

“எங்கன இருக்கு அது? பஸ்ஸு போகுமா?”

“கப்பல்ல போகணும். உலகத்துக்கு அந்தப் பக்கம்.”

“வெளங்கிரும்,” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “சரி, என்னென்னடி போடணும் அதுல?”

“கோழி, எள்ளு, கடலை, தக்காளி, கோகோ. அப்பறம்…”

“அப்பறம்?”

“மொளகாதாம்மா நெறைய.”

அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, “குடுத்தா வயிறு. குடுக்கலைன்னா பிள்ளை காது. எதைப் பாக்குறது நான்?” என்றாள்.

அன்று மத்தியானம் சாப்பிட வந்த அய்யாவும் மருதுபாண்டி அண்ணனும் இதைக் கேட்டார்கள். அய்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பெயர் இருளாண்டி. சிரித்தால் ஊர் முழுக்கக் கேட்கும்.

“நீ மாசமா இருந்தப்ப என்னத்தைக் கேட்ட? கருவாட்டு மண்டை. அம்புட்டுத்தான். இந்தக் காலத்துப் பிள்ளைக கப்பல்ல போயிக் கேக்குதுக,” என்று அம்மாவைச் சீண்டினார்.

“சிரிங்க. நாளைக்குப் பேரனுக்குக் காது வடிஞ்சா அப்பயும் சிரிங்க.”

அண்ணன் சிரிக்கவில்லை. அவன் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். “அவளா எந்திரிச்சு ஒக்காந்தாளா?” என்று என்னிடம் கேட்டான். ஆமாம் என்றேன். “அப்ப நான் வாங்கிட்டு வாரேன். என்ன வேணும்னு சொல்லு.”

ஐந்தாம் மாதத்தில், பிறந்த வீட்டார் பல வகைச் சோறு ஆக்கிக் கொண்டுவந்து மகளுக்குப் போடுவது வழக்கம். வருகிற வெள்ளிக்கிழமை அதற்குக் குறித்திருந்தார்கள். தொண்டிப் பக்கத்திலிருந்து மதினியின் அம்மா சோணையம்மாள் சொந்தங்களோடு வருவார்கள். சோறு போடும்போதும் மதினி இப்படியே இருந்தால் அப்படியே வேனில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று அவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தப்பில்லை, பெற்றவள் பயம். ஆனால் அம்மாவுக்கு அது ஊர்க்கூட்டத்தில் குற்றம் சாட்டப்படுவதுபோல இருந்தது. இந்த வீட்டில் ஒரு பெண்ணுக்குச் சோறு போட முடியவில்லை என்றல்லவா ஆகும்.

மறுநாள் அண்ணனோடு நானும் ராமநாதபுரம் போனேன். அண்ணனின் கூட்டாளி பாக்கர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பேக்கரி வைத்திருந்தார். கோகோ பவுடர் வேண்டும் என்றதும் கேக் போடப்போகிறோம் என்று நினைத்து முட்டை எத்தனை என்று கேட்டார். அண்ணன் விஷயத்தைச் சொன்னான்.

“மொளகாக் கொழம்புல கோகோவா? யா அல்லாஹ்! மருது, வீட்ல எல்லாரும் நல்லாத்தானப்பா இருக்கீக?”

“கேட்டுட்டாய்யா. என்ன செய்யச் சொல்ற?”

பாக்கர் முகம் மாறியது. “கேட்டுட்டாகளா? அப்ப சரி,” என்று உள்ளே போய் ஒரு பொட்டலம் நிறையக் கட்டிக்கொண்டு வந்தார். “எங்க வீட்லயும் கேட்டாக. நடுக்கோடையில இலந்தப்பழம். மண்டபம், பாம்பன்னு அலைஞ்சேன். கெடைக்கலை. மகன் காதைப் பாக்கும்போதெல்லாம் பக்குங்குது. கொழம்பு நல்லா வந்தா எனக்கும் ஒரு தூக்குவாளியில குடுத்துவிடு.”

அண்ணன் ரொட்டிக்கு மக்காச்சோளம் வாங்கக் கோழிப்பண்ணைக்குப் போனான். நான் நூலகத்துக்குப் போனேன். அந்தக் கிணறு வெட்டுகிறவனின் ஊர் மண் எப்படி இருக்கும், படம் ஏதாவது இருக்குமா என்று பார்க்க எனக்கு ஆசை. கலைக்களஞ்சியத்தில் மெக்சிகோ என்ற பக்கத்தை எடுத்தேன். வெடித்த நிலம். நெடுகக் கள்ளி. அதன் ஓரத்தில் முள்மரம். எங்கள் கண்மாய்க் கரையைத் தூரத்திலிருந்து படம் பிடித்ததுபோல இருந்தது. கீழே, அந்த நாட்டிலிருந்து உலகமெல்லாம் பரவிய பயிர்கள் என்று சில வரிகள். மக்காச்சோளம். தக்காளி. கோகோ. மிளகாய்.

மிளகாய் என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு முள்மரம், கள்ளி என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். எங்கள் ஊரை மூடிக் கிடக்கும் சீமைக்கருவேல் அந்தப் பக்கத்து மரம். வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியும் அந்தப் பக்கத்துச் செடி. தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியது. நான் உலகத்தின் அந்தப் பக்கத்தைப் பற்றி வாசித்துக் கனவு கண்டுகொண்டிருந்தபோதெல்லாம் அந்தப் பக்கம் வந்து எங்கள் களத்தில் காய்ந்துகொண்டு கிடந்திருக்கிறது.

வீடு திரும்பியதும் நேராகக் களத்துக்குப் போனேன். அய்யா மிளகாயைக் காலால் கிண்டிக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். படித்ததைச் சொன்னேன்.

“போத்தா. என் பூட்டன் காலத்துலயிருந்து இங்கன போட்டுக்கிட்டு இருக்கோம்.”

“அதுக்கும் முன்னாடிய்யா. ஐநூறு வருசத்துக்கு முன்னாடி இங்க மொளகாயே கெடையாது. கப்பல்காரவுக கொண்டாந்தது.”

“அப்ப மொளகா வாரதுக்கு முன்னால நம்மாளுக என்னத்தைத் தின்னாக?”

“மிளகு.”

அய்யா கிளறுவதை நிறுத்தினார். ஒரு காய்ந்த குண்டு மிளகாயை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினார். காய்ச்சல் பதம் பார்க்க அவர் எப்போதும் செய்வதுதான். உள்ளே விதைகள் கலகலத்தன. ஆனால் இந்தத் தடவை உடனே கீழே போடவில்லை. மறுபடி குலுக்கிக் கேட்டார். தொடுவானம் வரைக்கும் சிவந்து கிடந்த களத்தைப் பார்த்தார்.

“இம்புட்டுத் தூரம் வந்துட்டு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாரு,” என்றார்.

அடுப்படியில் அம்மாவிடமும் சொன்னேன். அவள் அண்ணன் கொண்டுவந்த மக்காச்சோளத்தைச் சுளகில் கொட்டிப் புடைத்துக்கொண்டே, “கோழிக்குப் போடுறதை என் மருமகளுக்குப் போடச் சொல்றீக,” என்று புலம்பிக்கொண்டிருந்தாள். நான் மிளகாய்க் கதையைத் தொடங்கியதும் சுளகு நின்றது.

“நெசமாவா? அங்கனதான் மொதல்ல வெளைஞ்சதா?”

“ஆமாம்மா. ஆயிரக்கணக்கான வருசமா அவுக திங்கிறாக. நமக்கு நேத்து வந்தது மாதிரிதான்.”

“வயித்துப்பிள்ளைக்காரிகளும் திம்பாளுகளா?”

“அது பொஸ்தகத்துல போடலம்மா.”

“கல்யாணத்துக்கே ஆக்குறாகன்னா வீட்ல ஆக்காமயா இருப்பாக? வீட்ல ஆக்குனா அவ திங்காமயா இருப்பா?” அம்மா விரலால் சோளத்தை அளைந்துகொண்டே யோசித்தாள். “அந்த ஊர்ல சனம் எம்புட்டு?”

“கோடிக்கணக்குல இருக்காக.”

“ஆயிரம் வருசமாத் தின்னும் கோடிக்கணக்குல பெத்துப் போட்டிருக்காளுக,” என்றாள் அம்மா மெதுவாக. அவள் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்திராத ஒரு திகைப்பு. ஒரு வருஷமாகக் கட்டிவைத்திருந்த சுவர் ஒன்றைத் தானே தள்ளிப் பார்க்கிறவள்போல இருந்தாள். “வெதைய உதறிட்டுத் தோலை மட்டும்னுதான வாசிச்ச?”

“ஆமா.”

“வெதையிலதான் உசிரு போற காரம். அதை நீக்கிட்டா…” என்று நிறுத்தினாள். அப்புறம், “ரொட்டிய மொதல்ல பாப்போம்,” என்று எழுந்தாள்.

ரொட்டி லேசில் வரவில்லை. கேழ்வரகு மாதிரி மாவாகத் திரித்துப் பிசைந்து தட்டினாள். கல்லில் போட்டதும் விரிந்து உதிர்ந்தது. சுடுதண்ணீர் விட்டாள், உளுந்தமாவு சேர்த்தாள். ஆப்பக்கரண்டியால் எடுத்தால் அப்படியே பிய்ந்தது. உதிர்ந்ததை எல்லாம் கோழிகள் வந்து தின்றன. “வாங்குன எடத்துக்கே போவுது,” என்றார் வாசலில் இருந்த அய்யா.

நான் புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முந்தின நாளே சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறப்போட்டார்கள் என்று ஒரு வரி இருந்தது. முதலில் வாசித்தபோது, வீட்டுக்கு வெள்ளையடிக்கிற விஷயம் சோளத்தோடு கலந்து தவறாக அச்சாகிவிட்டது என்று நினைத்து நானே அதைத் தாண்டிப் போயிருந்தேன். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“சுண்ணாம்பா!” என்றாள் அம்மா. ஆனால் இந்தத் தடவை சத்தம் போடவில்லை. இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்துச் சுண்ணாம்பு டப்பியைத் திறந்து பார்த்தாள். “வெத்தலையில தடவித் திங்கத்தான செய்றோம். கடல் சிப்பிய நீத்துன சுண்ணாம்புதான். போடு.”

சோளம் வெந்தபோது புது வெள்ளையடித்த சுவரில் மழை பட்ட வாசனை வந்தது. மறுநாள் காலையில் நான்தான் அதைக் கழுவினேன். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்ததும் ஒவ்வொரு மணியும் தன் தோலைச் சட்டையைக் கழற்றுவதுபோலக் கழற்றிவிட்டு மஞ்சளாக வழுக்கிக்கொண்டு வந்தது. ஆட்டுக்கல்லில் அரைத்த மாவு களிமண்போல ஒட்டியது. அம்மா ஒரு உருண்டையை இரண்டு கைக்கும் நடுவில் மாற்றி மாற்றித் தட்டினாள்.

“வரட்டி தட்டுற கை. இது எம்மாத்திரம்?” என்றாள்.

கல்லில் போட்டாள். ஓரம் காய்ந்தது. திருப்பினாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ரொட்டி மெல்ல மூச்சை இழுத்துப் பந்துபோல உப்பி எழுந்தது. அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் “ஆ!” என்றோம். எங்களில் ஒருவரும் பார்த்திராத பெண்கள், பெயர் தெரியாத ஒரு ஊரில், இப்படி ஒரு கணத்தில் இதே சத்தத்தை எழுப்பியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, ரொட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மாவே களத்துக்குப் போய் மிளகாய் பொறுக்கிக்கொண்டு வந்தாள். கறுப்படைந்த சிவப்பில், தோல் தடித்த குண்டுகளாகப் பார்த்து எடுத்திருந்தாள். ஒவ்வொன்றையும் காம்பைக் கிள்ளி, கீறி, தட்டி விதையைக் கொட்டினாள். சட்டியில் போட்டு வாட்டியபோது தெருக்கோடி வரைக்கும் தும்மல் கேட்டது. மதினி இருந்த அறைக் கதவைச் சாத்தப் போனேன். “சாத்தாத,” என்றாள் உள்ளிருந்து.

எள்ளும் கடலையும் வறுபட்டன. தக்காளியைச் சீமைக்கருவேல் தணலில் புதைத்தோம். வெங்காயம், பூண்டு, பட்டை, காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்று. எல்லாம் அம்மியில் அரைபட்டன. கோழி வெந்த தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவிட்டு, பாக்கர் கொடுத்த கோகோவைக் கரைத்து விட்டேன். குழம்பு கண் முன்னாலேயே இருண்டது. அம்மா புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, “கசக்குது” என்று கருப்பட்டி ஒரு துண்டு தட்டிப் போட்டாள். அது புத்தகத்தில் இல்லை. அந்த ஊர்ப் பெண்கள் இருந்திருந்தாலும் தடுத்திருக்க மாட்டார்கள். அடுப்பில் எரிவது, சட்டியில் கொதிப்பது, கல்லில் வேவது என்று பார்த்தால் அன்றைக்கு அந்த அடுப்படியில் உள்ளூர்க்காரர்கள் கோழியும் எள்ளும் கருப்பட்டியும் நாங்களும்தான்.

பதினொரு மணிக்கு வேன் வந்தது. சோணையம்மாள் புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று வரிசையாகப் பாத்திரங்களை இறக்கினார்கள். மகளைப் பார்த்ததும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். மதினிக்குப் பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, நடுவீட்டில் மனையில் உட்கார வைத்தோம். நழுவி விழாமல் சேலையில் ஊசி குத்த வேண்டியிருந்தது. சுற்றிலும் பெண்கள். ஒரு ஓரமாக, யார் கண்ணிலும் படாதது மாதிரி, அம்மா ஒரு வாளியை வைத்திருந்தாள்.

இலை போட்டுச் சோணையம்மாள் ஒவ்வொரு சோறாக வைத்தார்கள். முதல் வாய் சர்க்கரைப் பொங்கல். நெய் வாசனை முகத்துக்கு வந்ததுமே மதினி தலையைத் திருப்பிக்கொண்டாள். புளிச்சோறு உதடு வரைக்கும் போய்த் திரும்பியது. தயிர்ச்சோறு உள்ளே போய் வாளிக்கு வந்தது.

சோணையம்மாள் எழுந்தார்கள். “வேன் நிக்கிது. நான் எம்மகளைக் கூட்டிட்டுப் போறேன் சம்பந்தி. மதுரையில பாத்துக்கிருவாக.”

“ஒரு நிமிசம் ஒக்காருங்க,” என்றாள் அம்மா. “அவ வாய்விட்டுக் கேட்டது ஒண்ணு இருக்கு. அதைக் குடுக்காம அனுப்பமாட்டேன்.”

நான் ரொட்டியையும் குழம்பையும் கொண்டுவந்து வைத்தேன். கூட்டம் எட்டிப் பார்த்தது.

“என்னாத்தா இது, தார் மாதிரி இருக்கு?”

“ரோடு போட்டது மிச்சமோ என்னமோ.”

சோணையம்மாள் குனிந்து முகர்ந்துவிட்டு நிமிர்ந்தார்கள். “மொளகா! அய்யோ, போன தடவ…”

“தெரியும்,” என்றாள் அம்மா. “நாந்தான் அப்பச் சொன்னேன். இப்பவும் நாந்தான் ஆக்கிருக்கேன்.”

மதினி யாரையும் பார்க்கவில்லை. ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்தாள். குழம்பில் தோய்த்தாள். வாயில் வைத்தாள். அவள் கண் மூடியது. மெல்லுகிற தாடை மட்டும் அசைந்தது. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. மூக்கு வடிந்தது. கண்ணோரம் நீர் இறங்கிக் கன்னத்து மஞ்சளைக் கரைத்தது. விழுங்கினாள்.

நாங்கள் எல்லாரும் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவின் கை வாளியின் பிடியில் இருந்தது.

மதினி இன்னொரு துண்டு பிய்த்தாள். அப்புறம் இன்னொன்று. ரொட்டி முடிந்தது. வேறு ஒன்று வைத்தேன். கோழித்துண்டை எடுத்து எலும்பு தெரிய உறிஞ்சினாள். ஊசி குத்திய பட்டுச்சேலையில் குழம்பு சொட்டியதை அவள் கவனிக்கவே இல்லை. கூட்டத்தில் யாரோ ஒரு பெண் மெதுவாக, “திங்கிறா ஆத்தா, திங்கிறா,” என்று சாமி வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். ஒரு பெண் சாப்பிடுவதை இத்தனை பேர் இப்படிக் கும்பிடாத குறையாகப் பார்த்து நான் கண்டதில்லை.

திடீரென்று மதினியின் கை பாதி வழியில் நின்றது. கண் அகலமாக விரிந்தது. வாய் மெல்லுவதை நிறுத்தியது.

“போச்சு,” என்றார்கள் சோணையம்மாள்.

அம்மா வாளியை மதினியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். மதினி அதை இடக்கையால் தள்ளிவிட்டாள். அந்தக் கையை அப்படியே வயிற்றின் மேல் வைத்தாள்.

“இல்ல அத்தை,” என்றாள். “அசையுது.”

அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு முழங்காலிட்டாள். “எங்கன?”

“இங்கன. கொஞ்சம் கீழ. இந்தா… இந்தா, மறுபடியும்.”

அம்மாவின் கை அங்கே போனது. மிளகாய் வாட்டிய கையைப் போய்ப் பட்டுச்சேலையில் வைக்கிறோமே என்றுகூட அவள் நினைக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் சோணையம்மாளின் கையும் வந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல், உள்ளே யாரோ பேசுவதைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போன வருஷத்துப் பிள்ளை இந்த அசைவு வரைக்கும் வந்ததே இல்லை. இது வந்துவிட்டது.

“ஒறைப்புத் தாங்காம ஒதைக்கிறானோ?” என்றார்கள் சோணையம்மாள். அவர்களுக்குக் குரல் உடைந்திருந்தது.

“இன்னும் கேக்குறான் சம்பந்தி,” என்றாள் அம்மா.

ஆண்கள் வாசலில் நின்றார்கள். அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்க்கத் துணியாமல் முதுகைக் காட்டி நின்றது தெரிந்தது. அய்யாதான் பொறுக்கமாட்டாமல் சத்தம் கொடுத்தார்.

“ஏய், என்னாச்சு? இருக்கா, போச்சா?”

“இருக்கு!” என்று அம்மா உள்ளிருந்து கத்தினாள். “ரெண்டும் இருக்கு!”

மதினி ஒரு கையை வயிற்றிலிருந்து எடுக்காமலே மறு கையால் இலையைத் துழாவிவிட்டு, என்னைப் பார்த்து, “ரொட்டி ஏன் நிறுத்திட்ட?” என்றாள். நான் அடுப்படிக்கு ஓடினேன்.